முகம் திருப்பிப் போர்த்திய கைகள்



காரைதீவுச் சந்தியிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் வீதியில் மாவடிப்பள்ளியைத் தாண்டிச் சென்றால், வயல்வெளிகளின் நடுவே வீரமுனை என்னும் பழைய ஊர் வரும். சம்மாந்துறையை அடுத்துள்ள இவ்வூர், சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோவிலால் பெயர் பெற்றது. மாரிகாலத்து மாலைப்பொழுது ஒன்றில் அங்குள்ள வீடொன்றுக்கு நோயாளி ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். கரையோரப் பங்கு ஒன்றைச் சேர்ந்த சகோதரி ஒருவர், தம்மோடு தையல் வேலை செய்யும் பெண்ணின் தாயார் படுக்கையில் கிடப்பதாகச் சொல்லி என்னை அழைத்துச் சென்றார்.

வாசலில் எம்மைக் கண்டதும் அந்த மகள் உள்ளே ஓடினார். அறைக்குள் கட்டியிருந்த கொடியில் உலராமல் கிடந்த துணிகளை அவர் அவசரமாக அள்ளி மறைப்பது தெரிந்தது. சற்று நேரத்தில் சாம்பிராணி மணத்தது. அதன் பிறகே எம்மை உள்ளே அழைத்தார். நான் கட்டிலருகே கதிரையை நகர்த்தியபோது, "வேணாம் பாதர், கொஞ்சம் தள்ளி இரிங்க" என்றார். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த அந்தத் தாய், சுவரின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எமக்குத் தேநீர் வந்தது. தாயாருக்கு வரவில்லை. காரணம் கேட்டேன். "பின்னேரம் மூணு மணிக்குப் பிறகு அம்மா ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்க மாட்டா" என்றார் மகள். இரவில் படுக்கை நனைந்தால் மகளை எழுப்ப வேண்டும். மகளோ விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டியவர். எனவே அந்தத் தாய் தாகத்தைத் தெரிந்துகொண்டார்.

ஊரில் 'பம்பர்ஸ்' என்று பொதுவாக அழைக்கப்படும் டயப்பரை, வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் நாளில் மட்டும் அணிவிப்பார்களாம். மற்ற நாட்களில் பழைய சீலைத் துணிதான். சில வேளைகளில் அதிகம் நனையாத டயப்பரை வெயிலில் காயவைத்து மறுபடியும் பயன்படுத்தியதுண்டு என்று, தலையைக் குனிந்தபடி அந்த மகள் சொன்னார். அவர் எம்மிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டது நாம்தான்.

கேட்க நாவெழாத ஏழ்மை

அன்பானவர்களே, பசிக்கிறது என்று ஒருவர் சொல்லிவிடலாம். பிள்ளைக்குப் பாடசாலைக் கொப்பி இல்லை, கூரை ஒழுகுகிறது, மருந்து வாங்கப் பணம் இல்லை என்றும் சொல்லிவிடலாம். ஆனால், 'எனக்குச் சிறுநீர் கட்டுப்படுவதில்லை, அதற்கு வேண்டியதை வாங்க என்னிடம் பணமில்லை' என்று யாரால் சொல்ல முடியும்? பிள்ளைகளைப் பெற்று வளர்த்த தாயால், குடும்பத்தைக் கட்டியாண்ட தந்தையால் அதைச் சொல்ல இயலுமா? இது கேட்க நாவெழாத ஏழ்மை. கேட்கப்படாததாலேயே எமது நிவாரணப் பட்டியல்களில் இதற்கு இடமில்லை. அரிசி, மா, சீனி, பருப்பு, பால்மா என்று எழுதிக்கொண்டு போகிறோம். டயப்பர் என்று எழுதிய பட்டியலை எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

இந்த வேதனை ஒரு சிலருக்கு மட்டும் உரியதன்று. பாரிசவாதம், நீரிழிவு, நடுக்குவாதம், மறதிநோய், ஆண்களுக்கு வரும் சுக்கியன் சுரப்பி வீக்கம், கடினமான பிரசவங்களின் பின்விளைவு, முள்ளந்தண்டில் ஏற்பட்ட காயம் ஆகிய அனைத்தும் இதற்குக் காரணமாகலாம். போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட இளையவர்கள் பலர் எம் மண்ணில் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இது முதுமையின் தொல்லை அன்று, ஆயுள் முழுவதற்குமான தேவை. அத்தகையவர்களே ஒன்றுசேர்ந்து ஒருவரையொருவர் தாங்குவதற்காக வன்னியில், மாங்குளத்தில், 'உயிரிழை' என்ற அமைப்பை நடத்தி வருகிறார்கள்.

எமது நாடு மூப்படைந்து வருகிறது. 1981 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 60 வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 6.6 வீதமாக இருந்தனர். 2012 இல் அது 12.4 வீதமாயிற்று. அம்பாறைக் கரையோர ஊர்களில் இந்த முதுமைக்கு வேறொரு பாரமும் உண்டு. வீரமுனையில் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் 1990 ஓகஸ்ட் 12 அன்று கொல்லப்பட்ட துயரத்தை அவ்வூர் மறந்துவிடவில்லை. அந்த ஆண்டில் கணவரை இழந்து, கைக்குழந்தைகளோடு அகதி முகாம்களில் அலைந்த பெண்களுள், அன்று முப்பத்தைந்து வயதிலிருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பறித்த பிள்ளைகள், கல்முனையிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் இன்று பெற்றோரைத் தாங்க வேண்டிய வயதில் இருந்திருப்பார்கள். எஞ்சிய பெண்மக்களிற் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்றுவிட்டார்கள். அங்கே யாரோ ஒரு தாயைத் தூக்கிக் குளிப்பாட்டும் கை, இங்கே தன் தாயைத் தொட முடியாமல் இருக்கிறது.

சமயத்தாலும் இத்துன்பம் வேறுபடுவதில்லை. தம் மேல் நாற்றம் வீசுமோ என்று அஞ்சிக் கத்தோலிக்க முதியவர் ஞாயிறு திருப்பலிக்கு வருவதை நிறுத்துகிறார். சைவத் தாய் கோவில் படியேறத் தயங்குகிறார். இஸ்லாமியப் பெரியவர், இத்தகைய நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருப்பதை அறிந்திருந்தும், பள்ளிவாசலின் வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிறார். மூவரும் தத்தம் வீட்டின் பின்னறையில் தனித்திருக்கிறார்கள்.

கணக்குப் பார்ப்போம்

ஒரு நாளுக்கு மூன்று டயப்பர்கள் என்று மிகச் சிக்கனமாக எடுத்துக்கொள்வோம். மாதத்துக்குத் தொண்ணூறு. வளர்ந்தோருக்கான டயப்பர் ஒன்றின் விலை 200 ரூபா என்று வைத்துக்கொண்டால், மாதம் 18,000 ரூபா வேண்டும். தகுதிபெற்ற, எழுபது வயதைக் கடந்த முதியவருக்கு அரசாங்கம் வழங்கும் மாதாந்தக் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாகவும், மாற்றுத்திறனாளிகளுக்கானது 7,500 இலிருந்து 10,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. நன்றியோடு ஏற்க வேண்டிய உயர்வு அது. ஆயினும் அந்த ஐயாயிரத்தை முழுவதுமாக இதற்கே செலவிட்டாலும் எட்டு நாட்களைத் தாண்டாது. மீதி இருபத்திரண்டு நாட்கள்? சோறும் மருந்தும்?

2022 இல் எமது ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருட்களின் விலை எப்படி ஏறியது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று முதன்முதலில் நின்றுபோன பொருட்களுள் இதுவும் ஒன்று. துணி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. துணி நல்லதுதான். ஆனால் துவைக்கத் தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும். துவைக்கும் கைகளுக்கு நேரம் வேண்டும். உலர்த்த வெயில் வேண்டும். கார்த்திகையிலும் மார்கழியிலும் வயலும் வீதியும் ஒன்றாக வெள்ளம் நிற்கும் எமது பகுதியில், பத்துத் துணிகளை ஒரே நாளில் எங்கே உலர்த்துவது? உலராத துணியும் மாற்றப்படாத டயப்பரும் தோலை ஊறவைக்கின்றன. ஊறிய தோல் உரிகிறது. உரிந்த இடம் படுக்கைப் புண்ணாகிறது. அப்புண்ணில் கிருமி தொற்றி உயிரையே பறிக்கும் நிலையும் வருகிறது. ஆகவே இது வசதிக்கான பொருள் அன்று.

நோவாவின் கூடாரம்

விவிலியத்தில் நாம் விரைவாகக் கடந்துபோகும் பகுதியொன்று உண்டு. பெருவெள்ளத்திலிருந்து பிழைத்த நோவா திராட்சைத் தோட்டம் அமைக்கிறார். ஒரு நாள் இரசத்தைக் குடித்து மயங்கி, தம் கூடாரத்தினுள் ஆடையின்றிக் கிடக்கிறார். மகன்களுள் ஒருவன் அதைக் காண்கிறான். கண்டதை வெளியே போய்ச் சகோதரர்களிடம் சொல்கிறான். மற்ற இருவரும் ஒரு மேலாடையை எடுத்துத் தம் தோள்களில் போட்டுக்கொண்டு, பின்புறமாகவே நடந்து சென்று தந்தையைப் போர்த்துகிறார்கள். அவர்களுடைய முகங்கள் மறுபக்கம் திரும்பியிருந்தன. தந்தையின் நிலையை அவர்கள் பார்க்கவில்லை (தொடக்க நூல் 9:20-23).

முதலாமவனுடைய குற்றம் என்ன? கண்ணில் பட்டது தற்செயலாக இருக்கலாம். ஆனால் போர்வை எடுக்க வேண்டிய நேரத்தில் அவன் செய்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். மற்றவர்கள் தந்தையைக் கண்டிக்கவில்லை, அவர் ஏன் குடித்தார் என்று விசாரிக்கவும் இல்லை. தம் தவற்றாலேயே அந்நிலைக்கு வந்த ஒருவருக்கே அத்தகைய மரியாதை உரியதென்றால், எத்தவறும் செய்யாமல் முதுமையாலும் நோயாலும் அந்நிலைக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு உரியது! உடலின் உறுப்புகளுள் எவை மதிப்புக் குறைந்தவையாகத் தோன்றுகின்றனவோ அவற்றுக்கே நாம் கூடுதல் மதிப்பளித்து மறைக்கிறோம் என்று கொரிந்தியருக்குப் புனித பவுல் நினைவூட்டுவதும் இதைத்தான் (1 கொரிந்தியர் 12:22-24). திருச்சபை ஓர் உடல் என்றால், அவ்வுடலில் போர்த்தப்பட வேண்டிய உறுப்பு அந்தப் பின்னறையில் கிடக்கிறது.

நான் செய்த தவறு

இதை உங்களுக்குப் போதிக்கும் தகுதி எனக்கு இயல்பாக வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பங்கொன்றில், ஒரு காலத்தில் பாடகர் குழுவில் பாடிய பெரியவர் ஒருவர் இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுத்த படுக்கையானார். அவருடைய மகள் தயங்கித் தயங்கி என்னிடம் நிலைமையைச் சொன்னார். எனக்கு மனம் உருகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருப்பலியின் முடிவில், அறிவித்தல்களோடு அறிவித்தலாக அவருடைய பெயரையும் தேவையையும் வாசித்துவிட்டேன்.

மக்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். இரண்டு வாரங்களில் பதினொரு பொதிகள் சேர்ந்தன. இளையோர் அவற்றைக் கொண்டுபோய்க் கட்டிலருகே அடுக்கி, ஒப்படைக்கும்போது புகைப்படமும் எடுத்தார்கள். நான் மகிழ்ச்சியோடு அடுத்த வெள்ளிக்கிழமை நற்கருணை கொண்டு சென்றேன். அவர் நற்கருணை வாங்கினார். பிறகு கண்ணை மூடியபடியே, "பாதர், என்ட விசயத்தைக் கோயில்ல எல்லாருக்கும் முன்னால சொன்னீங்களாமே" என்றார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அதற்கு மேல் ஒன்றும் பேசவும் இல்லை.

அந்த மகள் அதன்பின் பல மாதங்கள் ஞாயிறு திருப்பலிக்கு வரவில்லை. பதினொரு பொதிகளைக் கொடுத்து, அந்தத் தந்தையின் மேலிருந்த ஒரே போர்வையை நான் உருவிவிட்டேன். குருமடத்தில் நோவாவின் கதையை நானும் படித்தவன்தான். அக்கதையில் வெளியே ஓடியவனின் இடத்தில் நான் நிற்பதை அன்றுதான் கண்டேன். அவர் இறப்பதற்கு முன் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார். ஆனாலும் அந்தப் புகைப்படம் யார் யாருடைய கைகளில் இருக்கிறதோ என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

வாசகர்களே, கொடுப்பவரும் பெறுபவரும் பொதியின் இருபுறமும் நின்று எடுக்கும் படங்கள் இன்று எவ்வளவு பெருகிவிட்டன! வெள்ளத்துக்கு அரிசி கொடுக்கும் படமே வேண்டாதது. இந்த உதவிக்குப் படம் எடுப்பது கொடுமை.

கூடையேந்திப் புறப்பட்டவர்

தேவையில் இருப்பவரால் கேட்க முடியாது. அப்படியானால் யார் கேட்பது? அவருக்காக இன்னொருவர் கேட்க வேண்டும். ஆனால் அவர் பெயரைச் சொல்லாமல் கேட்க வேண்டும். இதற்கு வழிகாட்டியவர் புனித ஜான் ஜுகான். பிரான்ஸ் நாட்டின் கான்கால் என்ற மீனவ ஊரில் 1792 இல் பிறந்தவர். வீட்டு வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண். 1839 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பார்வையிழந்து, வாதத்தால் செயலிழந்து ஆதரவற்றிருந்த மூதாட்டி ஒருவரைத் தம் சிறு குடியிருப்புக்குக் கொண்டுவந்து, தம் சொந்தக் கட்டிலை அவருக்குக் கொடுத்தார். அதன்பின் இன்னொருவர், மேலும் பலர் என்று வந்து சேர்ந்தார்கள்.

அந்த முதியவர்களுக்காக அவர் கூடையை ஏந்தி வீடு வீடாகச் சென்று கேட்டார். பணம் மட்டுமன்றி, மிஞ்சிய உணவு, பழைய துணி, விறகு என அன்றாடத் தேவைகளையும் கேட்டார். முதியவர்கள் தெருவில் நின்று கையேந்தும் அவமானத்தைத் தாம் ஏற்றுக்கொண்டார். அவருடைய முயற்சியிலிருந்து தோன்றிய ஏழைகளின் சிறு சகோதரிகள் சபையினர் கொழும்பு மருதானையிலும் முதியோர் இல்லம் அமைத்தவர்கள். தாம் தொடங்கிய சபையிலேயே தலைமைப் பொறுப்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டு, இறுதி ஆண்டுகளை யாரும் அறியாதவராகக் கழித்து 1879 இல் இறந்தார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009 ஒக்டோபர் 11 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். போர்த்தியவரும் மறைந்தே இருந்தார் என்பது எமக்கு ஒரு பாடம்.

நம் காலத்திலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசன் நகரில், 1994 டிசெம்பரில் விழாக்காலக் கொடையாக டயப்பர் சேகரிக்கத் தொடங்கினார்கள். அதுவே வளர்ந்து 'டயப்பர் வங்கி' ஆயிற்று. உணவு வங்கி போல, டயப்பரைச் சேர்த்துவைத்துத் தேவையானோருக்குப் பகிர்ந்தளிக்கும் இடம் அது. குழந்தைகளுக்கு மட்டுமன்றி முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே வழங்குகிறார்கள். 2011 இல் அத்தகைய வங்கிகள் அந்நாடு முழுவதும் ஒரு வலையமைப்பாக இணைந்தன. செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலும், ஏழைகளுக்கு அரசு தரும் உணவு உதவியைக்கொண்டு டயப்பர் வாங்க முடியாது. நியூ ஹேவன் நகரில் குறைந்த வருமானமுள்ள தாய்மாரிடம் நடத்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர் தம் குழந்தைக்குப் போதிய டயப்பர் இல்லாத நிலையைச் சொன்னார்கள்.

அண்டையிலுள்ள கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993 இல் தொடங்கிய வலி தணிப்புச் சிகிச்சை இயக்கம், படுக்கையிலிருப்போரை அவர்களுடைய வீட்டிலேயே பராமரிக்க அயலவர்களைப் பயிற்றுவித்தது. ஆசிரியரும் கடைக்காரரும் மாணவரும் வாரத்தில் சில மணி நேரத்தை அதற்கென ஒதுக்கினார்கள். 2008 இல் அம்மாநில அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. பெரிய மூலதனத்தோடு அல்ல, அயலவரின் கால்களோடு அது தொடங்கியது.

இரண்டு தெனாரியம்

நல்ல சமாரியர் உவமையை நாமெல்லாரும் அறிவோம். காயங்களைக் கட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. மறுநாள் இரண்டு தெனாரியத்தை விடுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்து, அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறார் (லூக்கா 10:35). அவர் கொடுத்தது ஒரு தடவைக்குரிய கொடை அன்று. செலவு தொடரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

நாம் கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் பொதி கொடுப்போம். தவக்காலத்தில் உண்டியல் நிரப்புவோம். ஆனால் இந்தத் தேவைக்குத் திருவிழா நாள் கிடையாது. நாளைக்கு மூன்று வேளை அது வரும். டிசெம்பரில் ஐந்து பொதிகளைப் பெற்றுப் பெப்ரவரியில் மறுபடியும் தாகத்தோடு படுக்கும் தாய்க்கு, மாதம் ஒரு பொதி என்ற உறுதியே ஆறுதல். அறிவு மங்கிய தந்தையிடமும் பொறுமை காட்டு, உன் வலிமையின் மிடுக்கில் அவரை இழிவாக நடத்தாதே என்று சீராக்கின் ஞானம் (3:12-13) பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரையும், ஒரு நாளுக்கன்றி அவர் வாழ்நாள் முழுவதற்கும் உரியது.

நாம் செய்யக்கூடியவை

பங்கு மட்டத்தில் இதைத் தொடங்க அதிகம் தேவையில்லை. புனித வின்சென்ட் தி போல் சபையினரும் மரியாயின் சேனையினரும் ஏற்கெனவே வீடுகளைச் சந்திக்கிறார்கள். பங்கு மண்டபத்தில் பூட்டுள்ள ஓர் அலுமாரியை ஒதுக்குங்கள். பிரிக்கப்படாத பொதிகளும், நோயாளி ஒருவர் இறந்தபின் வீட்டில் எஞ்சியிருக்கும் சுத்தமான டயப்பர்களும், துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்திச் சீலைகளும், படுக்கையில் விரிக்கும் றெக்சின் விரிப்புகளும் அதில் சேரட்டும். திருப்பலியில் அறிவிக்கும்போது பொருளின் பெயரை மட்டும் சொல்லுங்கள். ஆளின் பெயரை ஒருபோதும் சொல்லாதீர்கள். குறிப்பேடு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். கொண்டு செல்பவர்கள் ஒருவர் அல்லது இருவராக, உள்ளிருப்பது தெரியாத பையில் கொண்டு செல்லட்டும். அளவைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பொருந்தாத அளவு பயன்படாது. கைத்தொலைபேசியைச் சட்டைப் பையிலேயே விட்டுவிடுங்கள்.

ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021 இல் ஏற்படுத்தினார். ஆலயத்துக்கு வர முடிந்த முதியோருக்கு அன்று மாலை அணிவித்துக் கேக் வெட்டுகிறோம். வர முடியாமற்போனவர் ஏன் வரவில்லை என்று அன்றே ஒருவரைத் தேடிப்போய்ப் பாருங்கள்.

வீட்டில் நோயாளியைப் பராமரிப்போருக்கும் சில வார்த்தைகள். சிறுநீர் கட்டுப்படாமை முதுமையின் விதி என்று விட்டுவிடாதீர்கள். மருந்தாலும் தசைப் பயிற்சியாலும் குறையக்கூடிய வகைகள் பல உண்டு. வைத்தியரிடமோ தாதியிடமோ கூச்சமின்றிச் சொல்லுங்கள். படுக்கை நனையுமென்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் செறிந்து பையை உறுத்தும், தொற்றும் மலச்சிக்கலும் வரும். நனைந்ததை விரைவில் மாற்றி, மென்மையாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலரவிடுங்கள். தாமாகப் புரள முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். மாற்றும்போது கதவைச் சாத்துங்கள். பிறர் முன்னிலையில் 'இன்றைக்கு மூன்று தரம்' என்று கணக்குச் சொல்லாதீர்கள். உங்கள் களைப்பு இறைவனுக்குத் தெரியும். அயலவருக்கும் அது தெரிய வேண்டும். ஒரு மாலைப்பொழுதாவது உங்கள் இடத்தில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

இளைஞராக இருந்தபோது தாமே இடைக்கச்சையைக் கட்டிக்கொண்டு விரும்பிய இடத்துக்குச் சென்ற பேதுருவிடம், முதிர்ந்த வயதில் வேறொருவர் அவருக்கு ஆடை கட்டிவிடுவார் என்று உயிர்த்த ஆண்டவர் சொன்னார் (யோவான் 21:18). பேதுருவின் சாவைக் குறித்த சொல் அது. ஆயினும் நீண்டகாலம் வாழும் வரத்தைப் பெறும் எவருக்கும் அந்த நாள் வரலாம். உங்களுக்கும் வரலாம், எனக்கும் வரலாம். பெத்லகேமில் துணிகளால் பொதியப்பட்டுக் கிடந்த இறைமகனும் (லூக்கா 2:7) பிறருடைய கைகளை நம்பியே இவ்வுலகுக்கு வந்தார்.

மறுபடியும் வீரமுனைக்கு வருவோம். அந்தத் தாய்க்கு மாதந்தோறும் உதவ, பெயர் சொல்ல விரும்பாத மூன்று குடும்பங்கள் முன்வந்தன. பொதியை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு என்னை அழைத்துச் சென்ற சகோதரியுடையது. அவர் கல்முனையில் இஸ்லாமியச் சகோதரர் ஒருவரின் பாமசிக்குச் சென்று கேட்டார். கடைக்காரர் யாருக்கு, என்ன நோய் என்று விசாரிக்கவில்லை. பொதியை எடுத்து, பழைய பத்திரிகைத் தாளால் நாற்புறமும் சுற்றி, நூலால் கட்டிக் கொடுத்தார். பேருந்தில் மடியில் வைத்துப்போகும்போது யாரும் பார்க்கக் கூடாதே என்ற எண்ணம். அவ்வாறு சுற்றித் தரும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்குப் பதினொரு பொதிகளில் விளங்காதது அவருக்கு ஒரு பொதியில் விளங்கியிருந்தது.

மூன்றாம் மாதம் நாம் அங்கே சென்றபோது மாலை ஐந்து மணி. மகள் தேநீர் கொண்டுவந்தார். இம்முறை நான்கு கோப்பைகள் இருந்தன. நான்காவது கோப்பையை அந்தத் தாய் தம் நல்ல கையால் வாங்கி, எம் பக்கம் முகத்தைத் திருப்பி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.